கப்டனும் துரையும்

கண்டி வாவியிலும் கடலைப் போல வற்றும் பெருக்கும் உண்டு என்று நான்கு நாட்கள் நம்பியிருக்கிறேன். ஐந்தாம் நாள்தான், துப்புரவு வேலைக்காக மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குள் வீட்டில் மனைவியிடம் சொல்லி, மச்சானிடம் சொல்லி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் காரணமான மனிதரை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். கண்டி நகரில் தேயிலையைப் பொதி செய்து விற்கும் ஒரு சின்னக் கம்பனியில் நான் சீப் கிளார்க்காக இருந்த வருடங்களில், அவர் பன்விலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் இருக்கும். ஒன்றுதான் எழுதும். பதவியில் எனக்குக் கீழே உள்ளவர். ஆனால் அந்த விஷயத்தை யாரும் அவருக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

வாலிப வயதில் வீதி போடும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் வேலை செய்தபோது, கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடம் தங்கியிருந்தாராம். அந்த மூன்று வருடத்தை மூலதனமாகப் போட்டு, கடல் சம்பந்தமான சகல காரியங்களுக்கும் கண்டியில் அவரே அதிகாரி ஆகிவிட்டார். "நான் அங்க இருந்தவன்" என்று தொடங்குவார். மலையில் பிறந்து, கடலை ஆயுளில் இரண்டு தடவை பார்த்த நாங்கள் அதற்கு மேல் என்ன பேசுவது? ஆபீசில் அவருக்குக் கப்டன் என்று பெயர்.

யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மீன் வாங்கக் கப்டன் போகவேண்டும். மார்க்கெட்டில் குந்தி உட்கார்ந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, "இது செவ்வாக்கிழம புடிச்சது. வாடக் காத்துல புடிச்சது. வேணாம்" என்பார். ஒருநாள் மீன்காரருக்குப் பொறுக்கவில்லை. "மாத்தயா, இது குளத்து மீன்" என்றார். கப்டன் அசையவில்லை. "கொளத்து மேலயும் வாடக் காத்து அடிக்கும்ல?" என்று எழுந்து அடுத்த கடைக்குப் போனார்.

டிலிவரி வேலையைப் பார்த்தவர் நஸீர் நானா, அலவத்துகொடைக்காரர். அவருக்குத் தலைமுடி கொட்டியபோது கடல் நுரை தடவச் சொன்னவரும் கப்டன்தான். கண்டியில் கடல் நுரைக்கு எங்கே போவது? உப்புத் தண்ணீரில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து எடுக்கும் நுரை அதற்கு ஈடு என்றார். மூன்று வாரத்தில் மிச்சமிருந்த முடியும் போனது. நஸீர் நானாவோ, "நாங்க அடிச்ச அடியிலதான் ஏதோ பிழை ஈக்கிது சேர்" என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். கப்டனைச் சுற்றியிருந்தவர்கள் அவரை நம்பியது அந்த மாதிரி. வாவியின் வற்றுப்பெருக்குக்குப் பிறகு நான் மட்டும் நம்பவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆபீஸ் டிரிப் எங்கே என்ற பேச்சு வந்தது. "நுவரெலியா போனது போதும். கப்டனுடைய ஊருக்குப் போவோம்" என்றேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஊரை அவர் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார் என்று எனக்குள் ஒரு சந்தேகம். எல்லாருக்கும் முன்னால் அது வெளியாகவேண்டும் என்று ஆசை.

அவர் முகம் சுண்டிப்போனது. "இப்ப சீசன் இல்ல சேர்."

"எப்போது சீசன்?"

"அத கடல்தான் சொல்லணும்."

மறுநாள், கடலில் தொட்டால் அரிக்கும் சொறிமீன் வந்திருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் தங்க இடம் இல்லை என்றார். பிறகு அவருக்கே இடுப்பு வலி. அவர் காரணம் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் கூடியது. நானே போய் வானைப் பேசினேன்.

பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வந்த மூன்று நாள் விடுமுறையில் புறப்பட்டோம். மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவிலும் எங்களில் பாதிப் பேர் பொலித்தீன் பையும் கையுமாக இருந்தோம். கப்டன் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தார். சமதரை வந்ததும் நஸீர் நானா, "கப்டன், கடல் வாசம் அடிக்குதா?" என்று கேட்டார். "எனக்குத் தல சுத்துது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு அந்த ஊருக்குள் நுழைந்தோம். மணலில் ஏற்றிவைத்த தோணிகள். வெயிலில் காயும் வலைகள். ஓர் அம்மன் கோயில், ஒரு பேக்கரி, ஒரு தேத்தண்ணிக் கடை. ஊர் முழுக்க நித்திரையில் கிடந்தது. நாய்கள்கூட வான் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் தூக்கின. தேத்தண்ணிக் கடையில் வானை நிறுத்தச் சொன்னேன். "இவரை யாருக்காவது தெரியுமா?" என்று அங்கே கேட்பதாக என் திட்டம்.

நான் இறங்குவதற்குள், எதிரே வந்த ஒரு கிழவர் சைக்கிளை அப்படியே நடுரோட்டில் விழவிட்டு ஓடிவந்தார். "துரை! எங்கட துரை வந்திட்டாரு!"

நித்திரையிலிருந்த ஊர் எழும்பியது. வீடுவீடாகக் கதவு திறந்தது. ஒரு பெண் பிட்டு மாவுக் கையோடு வந்து நின்றாள். ஆக, மனிதர் உண்மையாகவே இங்கே இருந்திருக்கிறார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க துரைட கிளாக்கர் எல்லோ?"

வாயைத் திறந்தேன். கிழவரின் தோளுக்குப் பின்னால் கப்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி என்னைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஓம்" என்றேன்.

ஆமாம் என்பதற்கு வீட்டில் நான் பாவிக்காத சொல் அது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

கிழவர் சீனித்தம்பி. கரைவலை வைத்திருப்பவர். கப்டன் மூன்று வருடம் தங்கியிருந்தது அவர் வீட்டில்தான். அவர் மனைவி பூமணி அக்கா, இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்க நின்றுவிடும் பெண். மிச்சத்தைப் பின்னேரம் துண்டுதுண்டாக அறிந்துகொண்டேன். கண்டியில் பெரிய தேயிலைத் தோட்டத்துக்குத் துரையாம் கப்டன். குளிர் ஒத்துக்கொள்ளாமல் டொக்டர் கடற்காற்று வாங்கச் சொன்னாராம். சும்மா இருக்கப் பிடிக்காமல் வீதி வேலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தாராம். ஊர் திரும்பிய பிறகும் வருடம் தவறாமல் தேயிலை அனுப்பியிருக்கிறார். அது எங்கள் கம்பனியின் பொதி. பொதியில் கம்பனியின் பெயரைப் பார்த்து, அதுவும் துரையுடையது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அன்று மாலை பூமணி அக்காவின் முற்றத்தில் பிட்டும் நண்டுக் கறியும். சாப்பிட்டு முடிவதற்குள் அயலவர்கள் வந்து மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். துரையின் ஆட்களிடம் கேட்பதற்கு வருடக்கணக்காகக் கேள்வி சேர்த்து வைத்திருந்தார்கள்.

"உங்கட பக்கம் விடியக் காலத்தால பைப்புக்குக் கீழ நெருப்பு மூட்டினாத்தானாம் தண்ணி வரும்?"

"மேகம் முன்வாசலால வந்தா வெளியில போகத்தானாம் பின்வாசல் வைக்கிற?"

"அட்டைக்குப் பேர் வைச்சு வளக்கிறயாம், மெய்தானா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்டியில் எங்களுக்குக் கடலை விற்றவர், இங்கே இவர்களுக்கு மலையை விற்றிருக்கிறார். இரண்டு இடத்திலும் சரக்கைச் சரிபார்க்க ஆளில்லை. இன்றுதான் இரண்டு பக்கத்து வாடிக்கையாளரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கப்டன் நண்டுக் காலை உறிஞ்சுவதில் மும்முரமாக இருந்தார்.

நஸீர் நானா முந்திக்கொண்டார். "பேர் வெக்காம எப்பிடி? எங்கட வீட்டுல ஈந்த ஒண்டுக்கு மல்லிகான்னு பேர்." பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து என் பக்கம் திரும்பி, மேகத்தைப் பற்றிக் கேட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "சில வீடுகளில் மூன்று கதவு உண்டு" என்று சொன்னது என் குரல்தான்.

விடிந்ததும் கரைவலை இழுக்கக் கூட்டிப்போனார்கள். நீண்ட கயிறு. இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கிறார்கள். துரைக்கு மணலில் கதிரை போட்டார்கள். துரையின் கிளாக்கருக்குக் கயிற்றைக் கொடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. கதிரையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுங்க கிளாக்கர்!"

அந்தக் 'கிளாக்கர்' என்னை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. பகல் சாப்பாட்டில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது. எந்த வசனத்தில் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். வலை கரைக்கு வந்து, துள்ளுகிற கீரி மீன்களைக் கூடையில் அள்ளும்போது சீனித்தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிளாக்கர் தம்பி, ஒரு கத. என்ட பூமணிக்கு நெஞ்சில ஒரு வால்வு பழுதாம். கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒப்பரேசன் செய்யச் சொல்லி ஆறு மாசம். மாட்டன் எண்டு ஒரே புடி. தெரியாத ஊரில ஆரும் இல்லாமச் சாகமாட்டன் எண்டு சொன்னவ. ராவு உங்கள எல்லாம் கண்டாப் போல ஓம் எண்டிட்டா. துரை இருக்காரு, துரைட பங்களா இருக்கு, இத்தின ஆக்கள் இருக்கிறீங்க."

என் வசனத்தை விழுங்கினேன்.

திரும்பும் வழியில், வானில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன். "பங்களாவுக்கு எங்கே போகப் போகிறீர்கள்?"

"அதத்தான் சேர் நானும் யோசிக்கிறேன்" என்றார். அந்த இரண்டு நாளில் அவர் எங்களிடம் சொன்ன முதல் உண்மை அது.

பங்களா நஸீர் நானாவிடமிருந்து வந்தது. அவருடைய சித்தப்பா, அவர் சொல்லில் சாச்சா, குடும்பத்தோடு குவைத்தில் இருந்தார். அலவத்துகொடையில் இரண்டு மாடி வீடு. பச்சைக் கண்ணாடி ஜன்னல்கள், வாசலில் இரண்டு சீமெந்துச் சிங்கம். "வீடு சும்மா தானே ஈக்கிது. ஒரு நோயாளிக்குத் தங்கக் குடுக்கச் சாச்சா வேணாம்னு சொல்ல மாட்டார்" என்று வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்தார். சாச்சாவிடம் நோயாளியைப் பற்றிச் சொன்னார். துரையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல எப்படி முடியும்?

அடுத்த மாதம் சீனித்தம்பியும் பூமணி அக்காவும் ஒரு பெட்டி கருவாட்டோடு வந்து இறங்கினார்கள். நாங்கள் பின்னால் வர, துரை அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று தெரியாமல், "எங்க வீட்டுல எல்லாம் மாத்தி மாத்தித்தான் வச்சிருக்கோம்" என்றார். சமையலுக்கு ஒரு பெண் இருந்தார். "இவங்கதான் குசினி பாக்குறவங்க" என்று துரை அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

அவரை நான் முன்பு ஒரு தடவை, ஆபீசில் நடந்த வாணி விழாவில், கண்டிருக்கிறேன். கப்டனின் மனைவி. அந்த அறிமுகத்தின்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் அந்தக் கையால் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தோம்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் இரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். கப்டனும் சீனித்தம்பியும் நானும் வரிசையில் நின்றோம். படிவம் நிரப்பிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். கப்டனின் தோட்டத்துப் பிள்ளை போலும், அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, மாமா! நீங்களா? வெலாசம் இன்னும் கீழ் லயம்தானே? ஸ்டோர் கீப்பர்னு போடுறேன். கூரத் தகரம் மாத்திக் குடுத்துட்டாங்களா?"

கப்டன் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார். "இன்னும் இல்லம்மா" என்றார்.

சீனித்தம்பி அவரையும் அந்தப் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். "லயம் எண்டா என்ன துரை? பங்களாவா?"

கேட்டவருக்கு உண்மையாகவே தெரியாது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதைவிடப் பெரிய பொய்களைக் கப்டன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"இல்லண்ணே. லயம்னா தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையா கட்டுன ஒத்த ரூம் காம்பரா. அதுல ஒன்னுல நான் இருக்கேன். எனக்குத் தோட்டம் இல்ல, பங்களா இல்ல. அந்த வீடு நஸீர் நானாவோட சாச்சா வீடு. இவரு என் கிளாக்கர் இல்ல. எனக்கு மேல உள்ளவரு."

சீனித்தம்பி பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்த கோபம் பங்களாவைப் பற்றியது அல்ல.

"அப்ப அந்தப் பைப்புக் கத?"

"அதுவும்தாண்ணே."

"அட மனிசா! இத்தின வருசமாக் கடக்கர முழுக்கச் சொல்லித் திரிஞ்சவன் நான்! இனி என்ன முகத்தோட போய் மாத்திச் சொல்ற?" கொஞ்சம் யோசித்தார். "மாத்திச் சொல்ல ஏலா. அது அப்பிடியே கிடக்கட்டும்" என்று எழுந்து, இரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்தார்.

ஆனால் பூமணி அக்காவுக்குச் சொல்லவேண்டுமே. "நாளைக்கு அவங்க மேசையில ஏறணும். நான் சொல்லாம ஏறக்கூடாது" என்று கப்டன் வாட்டுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். கட்டிலருகே நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். பூமணி அக்கா முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எங்களுக்குச் சமைச்சுப் போட்ட புள்ள ஆரு?"

கப்டனின் குரல் இறங்கிவிட்டது. "என் சம்சாரம்."

"கலியாணம் கட்டின பொஞ்சாதிய, குசினி பாக்கிறவ எண்டு எனக்குக் காட்டினீங்க?"

"தப்புதாங்க்கா."

"ரெண்டு நேரமும் நான் திண்ட கோப்பையக் கழுவ விட்டிருக்கன்." பூமணி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அந்தப் புள்ள இஞ்ச வரோணும். அவவோட கதைக்காம நான் ஒப்பரேசனுக்குப் போகமாட்டன்."

இந்தத் திகதி தவறினால் அடுத்தது எப்போதோ. நஸீர் நானா டிலிவரி வானை எடுத்துக்கொண்டு அலவத்துகொடைக்குப் பறந்தார். நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் சமையல் கறை பட்ட சேலையோடு வந்து சேர்ந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கப்டன் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பெண்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நடுவில் ஒருதரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் கப்டன் இன்னும் பயந்துபோனார்.

வெளியே வந்த அவர் மனைவி கணவரைப் பார்க்காமல், என்னிடம் சொன்னார். "நாளைக்கு ஒப்பரேசன் செஞ்சுக்கிறாங்களாம் சேர். ஆனா டிக்கட் வெட்டி ஆஸ்பத்திரியில இருந்து விட்டதும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்களாம். சிங்கம் வச்ச வீடு வேணாமாம்."

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. பன்னிரண்டாம் நாள் பூமணி அக்காவைப் பன்விலைக்குக் கூட்டிப்போனார்கள். அடுத்த கிளினிக் வரைக்கும் இரண்டு வாரம் அந்த லயத்துக் காம்பராவில் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நஸீர் நானாவும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். மழை விட்டு, மலை மேலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. லயத்து வாசலில் பூமணி அக்காவுக்குக் கதிரை போட்டிருந்தார்கள். தோளில் கம்பளிச் சால்வை. சுற்றிலும் லயத்துப் பெண்கள், கொழுந்துக்குப் போகாத நாள் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல். சீனித்தம்பி ஒரு ஓரத்தில் குந்தியிருந்தார். கப்டன் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"எங்கட ஊரில பௌர்ணமிக்கு மீன் தானாக் கரைக்கு வரும் புள்ளயள்" என்று பூமணி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "வலை என்னத்துக்கு? வாசல்ல சட்டிய வைச்சாப் போதும். வந்து விழும்."

பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கப்டனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அப்புடியெல்லாம் இல்லீங்களே. நான் அங்க..."

பூமணி அக்கா திரும்பிப் பார்த்தார். "துரை, நீங்க அங்க மூணு வருசம் இருந்தீங்க. நான் அங்க பொறந்தவ."

பெண்களுக்கு நடுவில், எல்லாரையும்விடச் சௌகரியமாக, கப்டனின் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. "ஏங்க, சேர்மாரு வந்திருக்காங்க. தேத்தண்ணி போடுங்க" என்றார்.

கப்டன் உள்ளே போனார். அடுப்பூதும் சத்தம் கேட்டது. டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சீனி எங்க இருக்கு?" என்று ஒரு குரல்.

அதற்குள் வாசலில் கதை வெகுதூரம் போயிருந்தது. சட்டிக்குள் விழுந்த பெரிய மீன் ஒன்று பூமணி அக்காவிடம் பேசத் தொடங்கியிருந்தது.